வெட்டுவதானால் சொல்லிவிட்டு வெட்டுங்கள்: உலக நாவல்களைத் தமிழில் வெளியிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பதிப்பாளர்களுக்கு,

போன மாதம் ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் இரண்டாம் பதிப்பு கடைக்கு வந்தது. பின்னட்டையில் 'வாசகர்கள் சொல்கிறார்கள்' என்று ஒரு கட்டம், அதில் நாலைந்து வரிகள், அவற்றில் ஒன்று என்னுடையது. "கடைசி நூறு பக்கங்களைக் கீழே வைக்க முடியவில்லை!" என்று நான் சொன்னதாகப் போட்டிருக்கிறது. சொன்னேன்தான். ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. "கடைசி நூறு பக்கங்களைக் கீழே வைக்க முடியவில்லை, அதனால்தான் நடுவில் ஓர் அத்தியாயமே காணாமல் போயிருப்பது இவ்வளவு எரிச்சலாக இருக்கிறது" என்பதுதான் நான் இணையத்தில் எழுதியது. கமாவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துவிட்டு, கமா இருந்த இடத்தில் ஆச்சரியக்குறியை வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்கவில்லை. காணாமல் போன அத்தியாயம் இரண்டாம் பதிப்பிலும் வரவில்லை.

அந்தப் பதிப்பகத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, அவர்களுக்குத் தனியாக எழுதியாயிற்று. உங்கள் எல்லாருக்கும் எழுதக் காரணம், இது ஒரே ஒருவரின் பழக்கமாக இல்லை. நாவலை வெட்டுவது, வெட்டியதைச் சொல்லாமல் விடுவது, அதைக் கண்டுபிடித்துச் சொல்கிற வாசகனின் கருத்தையும் வெட்டிப் போடுவது, மூன்றும் ஒரே கத்தரிக்கோலால் நடக்கிற வேலைகளாகத்தான் எனக்குப் படுகின்றன.

அத்தியாயம் காணாமல் போனது எங்களுக்கு எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு சின்ன வாசகர் வட்டம் இருக்கிறது. பெரிய ஆட்கள் யாரும் இல்லை, மருந்துக்கடை வைத்திருப்பவர், பள்ளி ஆசிரியை, பனியன் கம்பெனியில் கணக்குப் பார்ப்பவர், தபால் துறையில் ஓய்வு பெற்றவர் என்று கலவையான கூட்டம். மாதம் ஒரு நாவல், பெரும்பாலும் வெளிநாட்டு நாவல். அன்றைக்கு எடுத்துக்கொண்டது தென்னமெரிக்க நாவல் ஒன்று. தபால்காரர் (ஓய்வு பெற்றாலும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம்) மிகவும் கோபமாக இருந்தார். தம்பி அண்ணனைக் காட்டிக்கொடுப்பதற்கு நாவலில் எந்தக் காரணமும் இல்லை, திருப்பம் வேண்டும் என்பதற்காக எழுத்தாளர் சோம்பேறித்தனமாக எழுதியிருக்கிறார் என்று அவர் ஏற்கெனவே இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். எங்களில் பலருக்கும் அது சரி என்றே பட்டது. அப்போதுதான் கிண்டிலில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்திருந்த ஆசிரியை, "ஏன் சார், அவன் சிறையில இருக்கிற அத்தியாயத்தை நீங்க படிக்கலையா?" என்றார். எந்தச் சிறை? தமிழில் படித்த ஒருவரும் சிறையைப் பார்க்கவில்லை. தம்பி சிறைக்குப் போகிறான், அங்கே அவனை உடைக்கிறார்கள், வெளியே வந்த பிறகு அவன் பழைய ஆள் இல்லை. மொத்த நாவலும் அந்த அத்தியாயத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் அத்தியாய எண்கள்கூட இடைவெளி தெரியாதபடி வரிசையாகத் திருத்தப்பட்டிருந்தன. அச்சகத்தில் ஒரு படிவம் விட்டுப்போயிருந்தால் எண் தாவியிருக்கும். இது தெரிந்தே செய்தது.

அந்த ஒற்றை நட்சத்திரத்தைப் பாருங்கள். அது யாருக்குப் போக வேண்டியது, யாருக்குப் போனது? ஸ்பானிய மொழியில் எழுதிய ஒருவர், தான் செய்யாத தவறுக்காகக் கொங்கு நாட்டில் ஒருவரிடம் திட்டு வாங்குகிறார். தபால்காரரும் பாவம், நேர்மையாகப் படித்து நேர்மையாகக் கருத்துச் சொன்னவர்தான். அவருடைய கருத்தை உருவாக்கியது உங்கள் மேசையில் யாருக்கும் தெரியாமல் நடந்த ஒரு முடிவு.

இது தமிழில் மட்டும் நடப்பதும் இல்லை, அதனால் கொஞ்சம் வெளியே போய்ப் பார்க்கலாம். 2000ஆம் ஆண்டு ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒரு பிரபலமான புத்தக விவாத நிகழ்ச்சியில் ஜப்பானிய எழுத்தாளர் ஹாருகி முரகாமியின் நாவல் ஒன்று பேசப்பட்டது. விமர்சகர் மார்செல் ரைஷ்-ரானிட்ஸ்கி அதைத் தூக்கி வைத்துப் பேசினார். இன்னொரு விமர்சகர் ஸிக்ரிட் லோஃப்லர் அதை இலக்கியத்தின் துரித உணவு என்றார், அதன் மொழி மட்டமானது என்றார். வார்த்தை தடித்து, சண்டை தனிப்பட்டதாகி, கடைசியில் லோஃப்லர் அந்த நிகழ்ச்சியை விட்டே போனார். பிற்பாடுதான் ஒரு விஷயம் எல்லோர் கவனத்துக்கும் வந்தது: அவர்கள் கையில் வைத்திருந்த ஜெர்மன் புத்தகம் ஜப்பானிய மொழியிலிருந்து வந்ததே அல்ல, ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து செய்யப்பட்டது. அப்படியானால் லோஃப்லர் திட்டியது முரகாமியின் மொழியையா, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரின் மொழியையா, அதை மறுபடி ஜெர்மனுக்குக் கொண்டுபோனவர்களின் மொழியையா? யாராலும் சொல்ல முடியவில்லை. 2013இல் உர்சுலா கிரேஃபே ஜப்பானிய மொழியிலிருந்து நேரடியாகச் செய்த புதிய மொழிபெயர்ப்பு வந்தது. பதின்மூன்று வருடம் கழித்து. ஒரு நாட்டின் மிகப் பெரிய விமர்சகர்களுக்கே இந்தக் கதி என்றால் எங்கள் தபால்காரர் எம்மாத்திரம்.

முரகாமியின் இன்னொரு பெரிய நாவலை 1997இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஜே ரூபின், பதிப்பகம் வைத்த நீள வரம்புக்காகச் சுமார் 25,000 சொற்களை வெட்டினார். அதை அவர் மறைக்கவில்லை, தானே எழுதியிருக்கிறார், ஏன் எதை வெட்டினார் என்று வாசகர்கள் இன்று வரை விவாதிக்கிறார்கள். செக் எழுத்தாளர் மிலன் குந்தேராவின் முதல் நாவல் 1969இல் ஆங்கிலத்தில் வந்தபோது அத்தியாயங்களை வெட்டியும் வரிசை மாற்றியும் போட்டிருந்தார்கள். அவர் கொதித்துப்போய் லண்டன் இலக்கிய இதழ் ஒன்றுக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். தனக்கு முழுத் திருப்தியான ஆங்கில வடிவம் வர அவர் 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செக் எழுத்தாளருக்கு லண்டனில் வெளியானது தெரிந்தது, கத்தினார். நம் தமிழ்ப் பதிப்பில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று ஒரு சிலி எழுத்தாளருக்கு எப்படித் தெரியும்? யார் அவருக்குச் சொல்வார்கள்? நாங்கள்தான் சொல்ல முடியும், எங்களைத்தான் நீங்கள் வாயை மூடச் சொல்கிறீர்கள்.

இடையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'இவர் ஆங்கிலம் வழி மொழிபெயர்ப்பே கூடாது என்கிறார்' என்று திருப்பிவிடுவார்கள். அல்பேனிய எழுத்தாளர் இஸ்மாயில் கதாரேயின் நாவல்கள் பலவற்றை டேவிட் பெல்லோஸ் பிரெஞ்சு வழியாகத்தான் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். ஊருக்கே தெரிந்து செய்தார். 2005இல் முதல் சர்வதேச புக்கர் பரிசு கதாரேக்குத்தான் போனது. தமிழில் துருக்கிய எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் 'என் பெயர் சிவப்பு' ஆங்கிலம் வழியாக வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் ஜி. குப்புசாமியின் உழைப்பை யாரும் ஒரு படி குறைத்து மதிக்கவில்லை. இன்னொரு பக்கம் வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராக ஆல்பெர் காம்யுவின் 'அந்நிய'னைக் கொடுத்தார், ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து நேராகக் காஃப்காவின் 'விசாரணை'யைக் கொடுத்தார். இரண்டு வழியிலும் நல்ல புத்தகங்கள் வந்திருக்கின்றன. எந்த வழி என்று எங்களுக்குத் தெரிந்தால் போதும். இப்போது நாங்கள் துப்பறிய வேண்டியிருக்கிறது: ஹுவான் என்று வர வேண்டியவன் 'ஜுவான்' என்று வந்தால் சரி, இது ஆங்கிலம் வழி, ஹொசே 'ஜோஸ்' ஆகிவிட்டால் சந்தேகமே இல்லை. ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகத்தில் இந்த வேலையும் எங்கள் தலையில்.

மூலம் தெரிந்தால் விவாதம் எவ்வளவு ஆரோக்கியமாக நடக்கும் என்பதற்குக் கொரிய எழுத்தாளர் ஹான் காங் ஓர் உதாரணம். 2016இல் அவருடைய நாவலுக்குச் சர்வதேச புக்கர் கிடைத்தது. எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் 50,000 பவுண்டைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கிற முறை அந்த ஆண்டுதான் ஆரம்பித்தது. உடனே கொரியாவில் வாசகர்களும் அறிஞர்களும் டெபோரா ஸ்மித்தின் ஆங்கிலத்தை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டார்கள். தவறுகள் இருக்கின்றன என்றார்கள், நடை மாறியிருக்கிறது என்றார்கள், சிலர் மிகக் கடுமையாகவே சொன்னார்கள். ஸ்மித் 2018இல் நீண்ட கட்டுரை எழுதிப் பதில் சொன்னார். யாரும் யாரையும் பிளாக் செய்து ஓடவில்லை. ஹான் காங்குக்கு அதனால் எந்தக் குறைவும் வரவில்லை, 2024இல் நோபல் வந்தது. இந்த விவாதத்தில் கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் எது மூலம், யார் மொழிபெயர்ப்பாளர், எந்தப் பதிப்பு என்று தெரிந்திருந்தது. அடித்தளம் அதுதான்.

நம்மிடம் என்ன நடக்கிறது? அத்தியாய விஷயத்தைக் கண்டுபிடித்ததும் நான் பதிப்பகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பக்க எண்ணோடு, ஆங்கிலப் பதிப்பின் அத்தியாயத் தலைப்போடு. பதில் வரவில்லை. புத்தகக் காட்சியில் அவர்கள் அரங்குக்கே போய்க் கேட்டபோது, "உலக இலக்கியம் தமிழ்ல வர்றதே பெரிய விஷயம், இதுல குத்தம் கண்டுபிடிச்சா யாரும் போட மாட்டாங்க" என்றார் அங்கே இருந்தவர். அப்புறம்தான் பொதுவில் எழுதினேன். அதற்குக் கீழே வந்து குவிந்த பதில்களைச் சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை, சாரம் மட்டும்: நான் ஆங்கிலத்தில் படித்துவிட்டு அலட்டிக்கொள்கிறேனாம், போட்டிப் பதிப்பகத்தின் ஆளாம், முடிந்தால் நானே மொழிபெயர்த்துக் காட்ட வேண்டுமாம். அந்தச் சிறை அத்தியாயம் எங்கே என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. திட்டியவர்களில் சிலர் அதே புத்தகத்துக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்கள், வெளியான மறுநாளே. முந்நூற்றுச் சொச்சம் பக்கம், மறுநாளே. சரி, வேகமாகப் படிப்பவர்களாக இருக்கலாம்.

இதை எழுதும்போது எனக்கு என் அப்பாவின் அலமாரியில் இருந்த மாஸ்கோ புத்தகங்கள் நினைவுக்கு வருகின்றன. முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ்ப் புத்தகங்கள், கெட்டி அட்டை, அந்தத் தனி வாசனை, உங்களில் பலரும் அதில்தான் ருஷ்ய இலக்கியத்துக்குள் நுழைந்திருப்பீர்கள். அவற்றின் உள்பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் பெயர் இருக்கும். கடைசியில் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு இருக்கும்: புத்தகத்தின் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு பற்றி உங்கள் கருத்தை எழுதி அனுப்புங்கள் என்று, மாஸ்கோவில் ஸூபவ்ஸ்கி பூல்வார் 17 என்ற முகவரியோடு. ஒரே கட்சி ஆண்ட நாட்டின் அரசுப் பதிப்பகம், நாவலின் மொழிபெயர்ப்பு எப்படி இருந்தது என்று ஏதோ ஒரு தாலுகாவில் இருக்கிற வாசகனைக் கேட்டது. கேட்டதை என்ன செய்தார்கள் என்பது வேறு விஷயம். கேட்டார்கள். நாலு தெரு தள்ளி இருக்கிற நீங்கள் கேட்பதில்லை.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. முந்நூறு பிரதி விற்கவே மூச்சு வாங்குகிறது என்கிறீர்கள், நம்புகிறேன். காகித விலை, உரிமைத் தொகை, மொழிபெயர்ப்பாளருக்குக் கொடுக்கிற (அல்லது கொடுக்காத) பணம், அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை வராமல் இழுப்பது, எல்லாம் உண்மை. அறுநூறு பக்க நாவலை நானூறாக்கினால்தான் விலை கட்டுப்படியாகும் என்றால் ஆக்குங்கள், மூல ஆசிரியரிடம் அனுமதி வாங்கிச் செய்யுங்கள். சுருக்கப் பதிப்பு என்று போட்டு விற்றதைத் தமிழ் வாசகர்கள் காலங்காலமாகப் படித்திருக்கிறார்கள், பிடித்தவர்கள் முழுப் புத்தகத்தைத் தேடிப் போயிருக்கிறார்கள். ஆனால் சுருக்கியது என்று எழுதுவதற்கு எவ்வளவு காகிதம் செலவாகும்? எங்கள் வட்டத்து மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "பத்து ரூபா மாத்திரை அட்டையிலேயே உள்ள என்ன இருக்கு, எங்க செஞ்சதுன்னு போட்டிருக்கு. அறுநூறு பக்கப் புத்தகத்துல ஒரு வரிக்கு இடமில்லையா?"

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் பெயரை முன்னட்டையில் போடுவதில் தமிழ்ப் பதிப்பகங்கள் பல, ஆங்கிலப் பதிப்பகங்களைவிட ரொம்ப முன்னால் இருக்கின்றன. போலந்து எழுத்தாளர் ஓல்கா தோகார்ச்சுக்கை மொழிபெயர்த்து 2018இல் சர்வதேச புக்கர் வாங்கிய ஜெனிஃபர் கிராஃப்ட், 2021இல் 'இனி அட்டையில் பெயர் இல்லாமல் மொழிபெயர்க்க மாட்டேன்' என்று பகிரங்கமாகச் சொல்ல வேண்டியிருந்தது. நம் ஊரில் 'தமிழில்: இன்னார்' என்று அட்டையில் வருவது வெகு காலமாக இருக்கிற வழக்கம். அந்த நல்ல வழக்கம் இருக்கிற இடத்தில் அதற்கு அடுத்த படியை வைப்பது கடினமாக இருக்க முடியாது.

இப்போது புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சில புத்தகங்களைப் படிக்கும்போது மனிதர் யாரும் தொடாத வாக்கியங்கள் போலத் தெரிகின்றன, ஒரே பாத்திரம் ஒரு பக்கத்தில் 'அவன்', அடுத்த பத்தியில் 'அவர்', அதற்கடுத்து 'அது'. இயந்திரம் செய்ததா, மெய்ப்புப் பார்க்காததா என்று எங்களுக்குத் தெரியாது, குற்றம் சாட்டவும் இல்லை. 2024இல் நெதர்லாந்தின் பெரிய பதிப்பகம் ஒன்று, வணிக நாவல்கள் சிலவற்றைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு மொழிபெயர்த்துப் பார்க்கப்போவதாகவும் இலக்கிய நாவல்கள் அதில் சேராது என்றும் பொதுவில் சொன்னது. எதிர்ப்பு வந்தது, ஆனாலும் மறைக்காமல் முன்கூட்டியே சொன்னது. அந்த அளவு வெளிப்படைத்தன்மைகூட இங்கே இல்லை.

வழக்குப் போடுகிற எண்ணம் எனக்கு இல்லை. இருந்தாலும், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குத் தருகிற விளக்கத்தில் முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அடங்கும் என்பதை நினைவூட்டுகிறேன். இணையத்தில் வரும் நுகர்வோர் கருத்துகளை எப்படித் திரட்டி வெளியிட வேண்டும் என்று 2022இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரநிலையே கொண்டுவந்திருக்கிறது. கொண்டுவந்தபோது அது கட்டாயம் இல்லை, விரும்பினால் பின்பற்றலாம் என்றுதான் வைத்தார்கள். அது உங்களுக்கு நேராகப் பொருந்துமோ பொருந்தாதோ, மிக்ஸி வாங்குகிறவரின் கருத்துக்கே இவ்வளவு அக்கறை இருக்கும்போது நாவல் படித்தவரின் கருத்தைக் கமாவில் வெட்டலாமா?

நான் கேட்பவை இவைதான். ஒவ்வொரு மொழிபெயர்ப்பு நாவலின் பதிப்புரிமைப் பக்கத்திலும் மூல மொழி எது, மூலத் தலைப்பு எது, தமிழ் நேராக அதிலிருந்து வந்ததா, வேறு மொழி வழியாக வந்ததென்றால் யாருடைய எந்த ஆண்டு மொழிபெயர்ப்பு என்று போடுங்கள். சுருக்கியிருந்தால் தலைப்புப் பக்கத்திலேயே 'சுருக்கப்பட்ட வடிவம்' என்று எழுதுங்கள், உள்ளே எங்கோ பொடி எழுத்தில் வேண்டாம், எந்தப் பகுதிகள் விடப்பட்டன என்று மொழிபெயர்ப்பாளரோ பதிப்பாசிரியரோ அரைப் பக்கம் குறிப்பு எழுதட்டும். இயந்திரத்தின் உதவி இருந்தால் அதையும் சொல்லுங்கள். வாசகர் கருத்தை அட்டையில் போடுவதாக இருந்தால் எழுதியவரைக் கேளுங்கள், முழு வாக்கியமாகப் போடுங்கள், முழு வாக்கியம் உங்களுக்குச் சாதகமாக இல்லை என்றால் போடாமல் விட்டுவிடுங்கள், நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம். அந்தத் தென்னமெரிக்க நாவலின் பதிப்பாளருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: விட்டுப்போன அத்தியாயத்தைத் தமிழாக்கி உங்கள் இணையதளத்தில் இலவசமாகப் போடுங்கள், இரண்டு பதிப்பையும் வாங்கியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்.

கடைசியாக, ஒவ்வொரு புத்தகத்திலும் பிழை சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள், வருகிற கடிதங்களைப் படிக்க ஒருவரை வையுங்கள், அடுத்த பதிப்பில் என்னென்ன திருத்தினீர்கள் என்று சொல்லுங்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்குத் தயாராகிற நாவல்களிலிருந்தே இதைத் தொடங்கலாம், அச்சுக்குப் போகாத புத்தகத்தில் ஒரு வரி சேர்க்க ஒரு நாள் போதும். உங்களில் யார் யார் செய்யப்போகிறீர்கள் என்று டிசம்பருக்குள் பொதுவில் அறிவியுங்கள். எங்கள் வட்டம் அடுத்த ஆண்டுக்கான நாவல்களை அந்தப் பட்டியலிலிருந்துதான் வாங்கப்போகிறது, மற்ற ஊர் வாசகர் வட்டங்களுக்கும் அப்படியே எழுதிக் கேட்டிருக்கிறோம்.